தோழிகளோடு ரோம்: நான்கு நாளை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேள்வி: நாங்கள் கோவையில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து தோழிகள். எல்லோருக்கும் நாற்பது வயது நிறைகிறது. குடும்பத்தை விட்டுவிட்டு முதல்முறையாக நாங்கள் மட்டும் அக்டோபரில் ரோம் போகிறோம். வியாழன் மதியம் இறங்கி, திங்கள் காலை கிளம்புகிறோம். ஒருத்திக்கு ஓவியம், சிற்பம் என்றால் உயிர். ஒருத்திக்குப் புகைப்படமும் கடைவீதியும் போதும். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தி சுத்த சைவம். நான்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவள். இருபத்து மூன்று இடங்கள் கொண்ட பட்டியல் கையில் இருக்கிறது. போன வருடம் பாங்காக்கில் மூன்றாம் நாளே முகம் திருப்பிக்கொண்டோம். இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன வழி?

பதில்: உங்கள் பட்டியலில் இருபதை இப்போதே அடித்துவிடுங்கள். மீதி மூன்றை வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாளுக்கு ஒன்றாக வையுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து போவது அந்த ஒன்றுக்குத்தான். மற்ற நேரம் அவரவர் விருப்பம். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மேசைக்கு வந்துவிட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களாகச் சிறு குழுக்களை இத்தாலிக்கு அழைத்துப் போகிறேன். ஆரம்ப காலத்தில் ஏழு நண்பர்களுக்கு ஒரே நாளில் ஒன்பது இடம் காட்டினேன். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாமல் காட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றிரவு உணவகத்தில் அவர்கள் இரண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். முப்பது வருட நட்பு. வேகமாக நடப்பவருக்கு மெதுவாக நடப்பவர் மேல் எரிச்சல், மெதுவாக நடப்பவருக்குக் குற்ற உணர்ச்சி. அதற்கப்புறம் நான் அப்படித் திட்டம் போட்டதே இல்லை.

ரோமில் சேர்ந்து போகும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்ய இன்னொரு அவசியமும் உண்டு. பெரிய இடங்கள் எல்லாம் நேரம் குறித்த டிக்கெட்டில்தான் நடக்கின்றன. கொலோசியம் டிக்கெட் சுமார் 30 நாள் முன்னால்தான் அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, பக்கத்திலிருக்கும் ரோமன் ஃபோரம், பாலடைன் குன்று என்ற பழைய இடிபாடுகளும் அதிலேயே அடக்கம். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகி வரும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். இன்ஷியல் ஒரு பக்கம், அப்பா பெயர் ஒரு பக்கம், கணவர் பெயர் ஒரு பக்கம் என்று கிடக்கும். அதனால் ஐந்து பாஸ்போர்ட்டின் படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எந்தப் பெட்டியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வாட்ஸப்பில் பெயர் கேட்டு வாங்காதீர்கள்.

நாட்களை அடுக்கும்போது விடுமுறை பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு கிடையாது. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்று அங்கே நிற்கும் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரரை நிறுத்துவது பாவம். அதேபோல் மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம், அன்றும் அந்தப் பக்கம் போகாதீர்கள். போர்கேசே கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. ஆக, உங்கள் நாட்களுக்கு வெள்ளி கொலோசியம், சனி வத்திக்கான், ஞாயிறு போர்கேசே தோட்டம் என்று வைத்தால் சரியாக விழும்.

தங்குவதற்கு பிராத்தி பகுதியைப் பாருங்கள். வத்திக்கானுக்குப் பக்கம், தெருக்கள் அகலம், தரை சமமானது. மெட்ரோ ஏ பாதையில் ஒத்தவியானோ, லெபாந்தோ என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. பழைய நகருக்குள் தங்குவது அழகுதான், ஆனால் அங்கே தெருவெல்லாம் சம்பியெத்ரீனி என்கிற கருங்கல் கட்டிகள். பெட்டிச் சக்கரத்துக்கும் முழங்காலுக்கும் அது ஒத்துவராது. அறையை இரண்டு, மூன்று என்று பிரிக்கும்போது யாருக்கு யாரோடு நெருக்கம் என்று பார்க்க வேண்டாம், யார் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று பாருங்கள். பதினோரு மணிக்கு விளக்கை அணைப்பவரும் ஒரு மணிவரை படம் திருத்துபவரும் ஒரே அறையில் இருந்தால் மறுநாள் காலை அதன் பலன் தெரியும்.

அறை வாடகைக்கு மேல் நகர வரி தனி. மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ. ஐந்து பேர், நான்கு இரவு, மொத்தம் 120 யூரோ. யாராவது ஒருத்தி கடைசி நாளில் கையிலிருந்து கொடுத்துவிட்டு மனத்துக்குள் கணக்குப் போடுவதைவிட, முதல் நாளே ஒரு பொதுப் பை தொடங்கிவிடுங்கள். ஆளுக்கு 100 யூரோ ரொக்கம் அதில் போடுங்கள். வரி, டாக்சி, காபி எல்லாம் அதிலிருந்து போகட்டும். தீர்ந்ததும் மறுபடி சமமாகப் போடுங்கள். பை உங்களிடம் இருக்க வேண்டாம். ஏற்பாடு உங்களுடையது என்றால் பணம் இன்னொருவரிடம் இருப்பதுதான் நல்லது, உங்கள் தலையிலிருந்து ஒரு பாரமாவது குறையும்.

ஐந்து என்பது கொஞ்சம் சங்கடமான எண். ரோமின் சாதாரண வெள்ளை டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். பெரிய வண்டி வேண்டுமென்று முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு டாக்சி. விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் தெர்மினி நிலையத்துக்குப் போகும், ஆளுக்கு 14 யூரோ, அதாவது ஐந்து பேருக்கு 70. அப்புறம் பெட்டிகளோடு மெட்ரோ ஏற வேண்டும். நெடும்பயணம் முடித்து வரும் ஐந்து பேருக்கு, விடுதி மூலம் ஒரு வேன் பேசி வைப்பதே மேல். நகருக்குள் பேருந்து, மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம். ஆனால் ஐந்து பேருக்கும் ஐந்து அட்டை வேண்டும், ஒரே அட்டையை ஐந்து முறை தட்டக் கூடாது.

வியாழன் மாலை எதையும் சாதிக்க நினைக்காதீர்கள். குளித்துவிட்டு ஐந்து மணி வாக்கில் பாந்தியோன் போங்கள். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 126-இல் முடிந்த பழைய கோவில். 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வானம் திறந்திருக்கும். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், தண்ணீர் வடியத் தரையில் சிறு துளைகள் உண்டு. டிக்கெட் 5 யூரோ. அங்கிருந்து மெல்ல நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பியாட்சா நவோனா வந்துவிடும். நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதி நீரூற்று, 1651-இல் முடித்தது. நான்கு கண்டத்துக்கு நான்கு நதி. ஆசியாவுக்கு நம் கங்கைதான், கையில் துடுப்போடு சாய்ந்திருக்கும் ஒரு கிழவனாக. கங்கையை அம்மா என்றே கேட்டு வளர்ந்த நமக்குத் தாடி வைத்த கங்கையைப் பார்ப்பது விசித்திரமாக இருக்கும். வழியில் சான் லூயிஜி தேவாலயம் திறந்திருந்தால் கலை பிடித்த தோழியை உள்ளே அனுப்புங்கள். கரவாஜியோ என்ற பெரிய ஓவியரின் மூன்று ஓவியங்கள் இலவசமாகக் காணக் கிடைக்கும். இயந்திரத்தில் காசு போட்டால் விளக்கு எரியும், சில்லறை கொடுத்து அனுப்புங்கள். மற்ற நால்வரும் வெளியே ஐஸ்கிரீம் சாப்பிடலாம். காத்திருப்பவர்களுக்குச் செய்ய ஒன்று இருந்தால் யாரும் முறைப்பதில்லை.

வெள்ளி காலை முதல் நேரத்துக்கே கொலோசியம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மின்தூக்கி உண்டு, முழங்கால் தோழிக்குப் பிரச்சினை இருக்காது. அவருக்குக் கடினம் ஃபோரமும் பாலடைனும்தான். கரடுமுரடான பழைய கல் பாதை, ஏற்றம், நிழலும் குறைவு. கொலோசியம் முடிந்ததும் அவரும் இன்னொருவரும் பிரிந்து, பியாட்சா வெனேசியாவின் வெள்ளைப் பளிங்கு நினைவகத்துக்குப் போகலாம். பின்புறம் கண்ணாடி மின்தூக்கி இருக்கிறது. கட்டணம் கொடுத்து மேலே ஏறினால், மற்றவர்கள் வெயிலில் நடக்கும் அதே ஃபோரத்தை அவர் மொட்டை மாடியிலிருந்து முழுதாகப் பார்த்துவிடுவார். என்னைக் கேட்டால் அந்தக் காட்சிதான் இரண்டில் மேல்.

சனிக்கிழமை வத்திக்கான். அருங்காட்சியக டிக்கெட் 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு மேலும் 5. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சுடிதார், புடவை என்றால் கவலையே இல்லை, கையில்லாத சட்டை போடுகிறவர் ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே கூடங்கள் கிலோமீட்டர் கணக்கில் நீளும், எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது. சிஸ்டைன் சிற்றாலயத்துக்குக் கால் பலத்தை மிச்சம் வையுங்கள். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய கூரை அது. சுவர் ஓரமாக இருக்கைகள் உண்டு, இடம் கிடைத்ததும் முழங்கால் தோழியை உட்கார வைத்துவிடுங்கள். அந்தக் கூரையை உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர்தான் அதிக நேரம் பார்க்கிறார். படம் எடுக்கத் தடை. புகைப்படத் தோழிக்கு இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே காவலர் சத்தம் போட்டால் மனம் சங்கடப்படும். புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவு இலவசம், சோதனை வரிசை மட்டும் நீளம். குவிமாடம் ஏற 551 படி. மின்தூக்கியில் பாதி வழி போனாலும் மிச்சம் 320 படி ஏறியாக வேண்டும். ஏற விரும்பும் இருவர் ஏறட்டும், மற்றவர்கள் உள்ளே மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிலையைப் பார்த்துக்கொண்டு நிதானமாக இருக்கலாம்.

ஞாயிறு காலை முழுக்கப் பிரிந்துவிடுங்கள். கலைத் தோழி போர்கேசே கலைக்கூடம் போகட்டும். முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அதற்குள், அப்பல்லோ துரத்தத் தாப்னி என்ற பெண் மரமாக மாறும் பெர்னினியின் சிலை முன்னால் மட்டும் அவர் அரை மணி நேரம் நிற்பார், நிற்கட்டும். பளிங்கில் செதுக்கிய விரல் நுனிகள் இலையாக மாறிக்கொண்டிருக்கும். கடைவீதிக்காரர் திராஸ்தேவரே பக்கம் போர்த்தா போர்த்தேசே ஞாயிறுச் சந்தைக்குப் போகலாம். பழைய சாமான், துணி, பை என்று எல்லாம் கிடைக்கும், மதியத்தோடு முடிந்துவிடும். மற்றவர்கள் போர்கேசே தோட்டத்தில் நான்கு சக்கர மிதிவண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம். அப்புறம் இரண்டு மணிக்கு ஐந்து பேரும் பியாட்சா தெல் போப்போலோவில், நடுவிலிருக்கும் எகிப்தியத் தூபியின் அடியில் கூடி, ஒன்றாகத் தோட்டத்துக்குப் போங்கள். சந்திக்கும் இடம் என்றால் இப்படித் தூரத்திலிருந்தே தெரிகிற ஒரே பொருளாக இருக்க வேண்டும். 'நீரூற்றுப் பக்கத்தில்' என்று ரோமில் சொன்னால் அன்றைக்குச் சந்திக்கவே முடியாது.

திரேவி நீரூற்று பட்டியலில் இருந்திருக்கும். அது கூட்டமாகப் போகும் இடமல்ல. புகைப்படத் தோழியும் அதிகாலை எழ முடிந்த இன்னொருவரும் விடியும் நேரத்துக்குப் போய் வரட்டும். ஸ்பானியப் படிகளில் கால் வலிக்கிறது என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள். 2019 முதல் தடை, 250 யூரோவிலிருந்து அபராதம்.

சைவத் தோழிக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோம் உணவில் கண்ணுக்குத் தெரியாத அசைவம் நிறைய. அமத்ரிச்சானா வெறும் தக்காளிச் சாறு போலத் தெரியும், அதில் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு இருக்கும். கார்போனாராவிலும் அதே. பூசணிப்பூ பஜ்ஜி என்று ஆசையாக வாங்கினால் உள்ளே சீஸோடு நெத்திலி வைத்திருப்பார்கள். சுப்ளி எனும் அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. பயமில்லாமல் சாப்பிட, மரினாரா பீட்சா இருக்கிறது. பெயர் கடலைச் சொன்னாலும் தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும்தான். காச்சோ எ பெப்பே என்பது மிளகும் ஆட்டுப்பால் சீஸும் சேர்ந்த பாஸ்தா, மிளகு தூக்கலாக இருப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனால் அந்த பெக்கொரீனோ சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்துவிடும்.

காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் பல இடங்களில் கூடும். தண்ணீர் வாங்க வேண்டாம், தெருவெங்கும் நசோனி என்ற இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். 64-ஆம் எண் பேருந்திலும் மெட்ரோ ஏ பாதையிலும் கைப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர் மேசை என்றால் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். நல்ல உணவகங்கள் ஏழரைக்கு மேல்தான் திறக்கும், அதுவரை பசி தாங்க ஆறு மணிக்கு ஒரு துண்டு பீட்சா சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விதியை மட்டும் கிளம்பும் முன்பே ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். 'நான் இதுக்கு வரல' என்று யார் சொன்னாலும் காரணம் கேட்கக் கூடாது. உங்களுக்கும் இது பொருந்தும். ஏற்பாடு செய்கிறவர் என்பதற்காக நான்கு நாளும் நீங்கள் எல்லோரோடும் ஓட வேண்டியதில்லை. ஞாயிறு காலையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று கைபேசியைப் பார்க்காதீர்கள். இரண்டு மணிக்குத் தூபியடியில் அவர்களே வந்து நிற்பார்கள்.

இன்று செய்ய வேண்டியது இரண்டு. சனிக்கிழமை வத்திக்கான் டிக்கெட் ஐந்தும் போர்கேசே டிக்கெட் ஒன்றும் எடுத்துவிடுங்கள், தேதி இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் படங்களைக் கேட்டு வாங்குங்கள். கொலோசியம் ஒரு மாதம் முன்பு. ஞாயிறு இரவு விடுதியில் படுக்கப் போகும் முன், திங்கள் காலைக்கு ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் ஏறுகிற வண்டியாகக் கேட்டுச் சொல்லி வைத்துவிடுங்கள்.