மூன்று கொட்டேஷன், மூன்று தொகை: பாத்ரூம் வேலையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீடு கட்டி இருபத்தைந்து வருடம் ஆகிறது. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து உதிர்கிறது. பாத்ரூமை இடித்துப் புதுசாக டைல்ஸ் போட ஒன்றரை வருடம் முன்பு ஒரு மேஸ்திரியிடம் எஸ்டிமேட் கேட்டோம். அன்று சொன்னதைவிட இன்று பாதி கூடுதலாகக் கேட்கிறார். வேறு இருவரிடம் விசாரித்தால் ஒருவர் சொல்லும் தொகை மற்றவர் சொல்வதைப்போல இரண்டு மடங்கு. குறைத்துச் சொன்னவர் பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா? சாமானை நாங்களே வாங்கிக் கொடுத்து, நாள் கூலிக்கு ஆள் வைத்தால் மிச்சமாகுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, காத்திருக்காதீர்கள். சாமான் விலை ஏறும், இறங்கும். 2020, 2021-ல் பெருந்தொற்றால் ஆலைகளும் கப்பல் போக்குவரத்தும் தடைபட்டபோது மரம், இரும்பு, செம்பு எல்லாம் எகிறின. பிறகு சில இறங்கவும் செய்தன. கூலி அப்படி இறங்குவதில்லை. வில்லியம் பாமல் என்ற பொருளியலாளர் 1960களிலேயே இதற்குக் காரணம் சொன்னார். இயந்திரம் புகுந்த தொழில்களில் ஓர் ஆளின் உற்பத்தி பெருகுகிறது, சம்பளமும் ஏறுகிறது. கைவேலையில் உற்பத்தி அந்த அளவு பெருகாது. ஆனாலும் தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடாமல் இருக்க அதற்கு இணையான கூலி கொடுத்தாக வேண்டும். ஒரு கொத்தனார் ஒரு நாளில் ஒட்டும் டைல்ஸ் போன தலைமுறையில் ஒட்டியதைவிடப் பெரிதாகக் கூடிவிடவில்லை. இன்று மேஸ்திரி கூடுதலாகக் கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு. இதில் அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

காத்திருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ஓதம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடித்து வீங்கும். அந்த வீக்கம் தாங்காமல் மேல் கான்கிரீட் வெடித்து விழும். பாத்ரூம் வேலையாக இருந்தது தள வேலையாக மாறிவிடும்.

அதற்காக நாளைக்கே இடிக்கச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மூன்று பேர் வந்து பார்த்தும் ஒருவரும் அதைச் சோதிக்கவில்லை என்றால், மூவருமே ஊகத்துக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

சோதனைக்குச் செலவில்லை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தொட்டிக்கு வரும் தண்ணீரையும் நிறுத்துங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தாலோ மட்டம் இறங்கியிருந்தாலோ, அழுத்தத்தோடு தண்ணீர் வரும் பைப்பில்தான் கசிவு. அப்படியானால் கசியும் இடத்தில் நாலைந்து டைல்ஸை உடைத்து ஜாயிண்ட்டை மாற்றினாலே போதுமாக இருக்கலாம். பாத்ரூமை முழுசாக இடிக்கும் செலவே மிச்சம். எண் நகரவில்லையென்றால் தரை வடிகாலை அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், அல்லது அடுத்த அறைச் சுவரில் ஈரம் பரவினால், தரையின் வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் சந்தேகம் வடிகால் பைப்பின் மூட்டுக்களிலும், ஷவர் தண்ணீர் படும் சுவரிலும்தான்.

தரைதான் குற்றவாளி என்றால் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓதம் இல்லாத, தட்டினால் பொள்ளல் சத்தம் வராத தரைக்கு அது சரி. உங்கள் பாத்ரூமில் அது கசிவை மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று தொகைகளைப் பார்ப்போம். ‘பாத்ரூம் டைல்ஸ் வேலை, லேபர், மொத்தம்’ என்று ஒற்றை வரியில் வரும் கொட்டேஷனை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. அளவை நீங்களே எடுங்கள். 8 அடிக்கு 5 அடி அறை என்று வையுங்கள். தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. அதில் இரண்டரை அடி கதவும் ஒரு வென்டிலேட்டரும் போக ஏறக்குறைய 162. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் தரைக்கு 44, சுவருக்கு 178 சதுர அடி வாங்க வேண்டும். மூலைவாட்டில் சாய்த்து ஒட்டும் டிசைன் என்றால் சேதாரம் பதினைந்து சதவீதமாகும். கடையில் ஒரே ஷேட் எண் போட்ட பெட்டிகளாகக் கேட்டு வாங்குங்கள்; இரண்டாம் தடவை போனால் அதே நிறம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

பிறகு அந்த ஒற்றை வரியைப் பிரித்து எழுதுங்கள். பழைய டைல்ஸையும் அடிப் பூச்சையும் செங்கல் தெரிய எத்தனை சதுர அடி கொத்துவது, கழிவை மூட்டை கட்டி இறக்கி வண்டியேற்றுவது யார் பொறுப்பு, பைப்புக்குச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டி அடைப்பது, பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட், தரை வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு), டைல்ஸ், கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை), மூலைகளில் டைல்ஸ் விளிம்பைச் சாய்த்து இணைப்பதா, பட்டை வைப்பதா, சாதனங்கள் பொருத்துவது, கதவைக் கழற்றி அடியில் அறுத்து மாட்டுவது. கதவு, ஜன்னல் இடத்தைக் கழித்து அளப்பார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இந்தப் பட்டியலையே மூவருக்கும் கொடுத்து வரிக்கு வரி விலை போடச் சொல்லுங்கள். குறைவாகச் சொன்னவரின் தொகை அநேகமாக ஏறிவிடும். கழிவகற்றலும் வாட்டர்ப்ரூஃபிங்கும் அதில் இருந்திருக்காது. வேலை நடுவில் இவைதான் ‘எக்ஸ்ட்ரா’ என்று வந்து நிற்கும். பாத்ரூம் இடிந்து கிடக்கும்போது பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆகவே கூடுதல் வேலைக்கான ரேட்டையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

நாள் கூலியா காண்ட்ராக்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வதே நல்லது. இடிப்பதும் கசிவைத் தேடுவதும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வேலை. அதற்குக் காண்ட்ராக்ட் பேசினால், தன் பாதுகாப்புக்காக அவர் ரேட்டை ஏற்றித்தான் சொல்வார். அதை நாள் கூலிக்கு விடுங்கள். சுவரைத் திறந்தபின் எல்லாம் அளக்கக்கூடியதாகிவிடும். அங்கிருந்து டைல்ஸுக்குச் சதுர அடிக்கும், பிளம்பிங்குக்குப் பாயிண்ட்டுக்கும் (ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும்) ரேட் பேசுங்கள். டைல்ஸ் ஒட்டுவதை நாள் கூலிக்கு விட்டால் நாள் நீளும். அவசரப்படுத்தினால் வேலை கெடும்.

சிறிய பாத்ரூமுக்குச் சதுர அடிக் கணக்கில் செலவு அதிகம் பிடிப்பது இயல்பு. பிளம்பர் பழையதைக் கழற்ற, பைப் போட, டிராப் (சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் அமைப்பு) வைக்க, கடைசியில் சாதனம் மாட்ட என்று நாலு தடவை வருவார். எலெக்ட்ரீசியன் இரண்டு தடவை. ஒவ்வொரு வருகையும் குறைந்தது அரை நாள் கூலி. வீட்டில் மிச்சமிருக்கும் குழாய் ரிப்பேர், சுவிட்ச் மாற்றல் எல்லாவற்றையும் எழுதி வைத்து அதே நாளில் முடித்துக்கொண்டால், அந்த அரை நாள் வீணாகாது.

சாமானில் டைல்ஸ், பைப், வால்வு, வாட்டர்ப்ரூஃபிங், சாதனங்கள் இவற்றை நீங்கள் வாங்குங்கள். மணல், சிமெண்ட், பிளேடு, ஸ்பேசர் போன்றவற்றை அவரே கொண்டுவரட்டும். நண்பகலில் ஒரு மூட்டை தீர்ந்து இரண்டு பேர் சும்மா உட்கார்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். பைப் வேலை தொடங்கும்முன்பே கம்மோடும் டைவர்ட்டரும் (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடும் வால்வு) வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கம்மோடு கழிவு வழியின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அங்கே சுவர் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவர். செங்கல் சுவரிலிருந்து அளந்தால் பூச்சும் டைல்ஸும் ஏறியபின் கம்மோடு உட்காராது. போட்ட தரையை மறுபடி உடைப்பார்கள்.

கம்மோடு இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதை நகர்த்தினால் கழிவு பைப்புக்கு வாட்டம் கொடுக்கத் தரையை உயர்த்தவோ தளத்தை உடைக்கவோ நேரும். பெரிய டைல்ஸும் சின்ன அறைக்கு வேண்டாம். சேதாரமும் கூலியும் கூடும், வாட்டம் கொடுப்பதும் சிரமம்.

பைப் போட்டதும் காடியை அடைக்கும்முன் எல்லா வாயையும் பிளக் போட்டு மூடி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சில மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். டேப்பைச் சுவரோடு வைத்து பைப் போகும் பாதையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு துளை போடும்போது அது காப்பாற்றும்.

இதில் ஒரு பைசா குறைக்கக்கூடாத இடம் வாட்டர்ப்ரூஃபிங். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். கிரவுட் ஈரத்தை உள்ளே விடும். தடுப்பது அடியில் இருக்கும் பூச்சுதான். இரண்டு கோட், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், பைப் துளைத்துப் போகும் இடத்திலும் வலைத் துணி வைத்துப் பூச வேண்டும். கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான். சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடிக்கு மேல். காய்ந்தபின் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். நாள் கடத்துகிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தாலும் விடாதீர்கள்.

தரை வாட்டம் 80-க்கு 1, அதாவது 5 அடிக்கு முக்கால் அங்குலம். டைல்ஸ் ஒட்டும்முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்குக் குறைவாகத்தான் நீர் உறிஞ்சும். சிமெண்ட் பால் அதில் பிடிக்காது. டைல்ஸ் அட்ஹெசிவ்தான் வேண்டும். பல் கரண்டியால் முழுக்கப் பரப்பி ஒட்ட வேண்டும். நடுவில் நாலு உருண்டை வைத்து ஒட்டினால் மூலைகள் பொள்ளலாகி, கனமாக ஏதாவது விழுந்ததும் விரியும்.

படுக்கையறைச் சுவர் கடைசியில். ஓதம் தெரியும் எல்லைக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்திவிட்டுக் காயவிடுங்கள். ஒரு அங்குலச் சுவருக்கு ஒரு மாதம் என்பது அனுபவக் கணக்கு. இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து உரியுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சு பூசியபின்னும் 28 நாள் விட்டுத்தான் பெயிண்ட்.

பாதிப் பணம் முன்கூட்டியே தராதீர்கள். பத்து, பதினைந்து சதவீதம் போதும். சாமானுக்கு வேண்டுமென்றால் கடைக்கு நேராகக் கட்டிவிடுங்கள். மீதியை இடிப்பு முடிந்ததும், பிரஷர் டெஸ்ட் நின்றதும், தண்ணீர் கட்டிப் பார்த்ததும், டைல்ஸ் முடிந்ததும் என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வேலை பிடித்தால் அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். சொன்ன தேதிக்குக் காசு வரும் வீட்டுக்கு நல்ல வேலைக்காரர் அடுத்த தடவையும் வருவார். மொத்தத் தொகைக்கு மேல் இருபது சதவீதத்தைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருடச் சுவரைத் திறந்தால் ஏதாவது ஒன்று புதுசாகத் தெரியும். கடைசிப் பத்து சதவீதத்தை, பாத்ரூமை ஒரு மாதம் புழங்கிப் பார்த்தபின் தருவதாக முதலிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.