மஞ்சள் தாள் எலுமிச்சைக்கு ஏன் மசியவில்லை? நிறங்காட்டி கேள்வி-பதில்

கேள்வி: மஞ்சள் தடவிய தாள் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் ஒன்றுமே ஆகவில்லை. மஞ்சள் தூளில் கலப்படமா?

பதில்: தூள் மேல் பழி வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலத்திலும் மஞ்சள்தான், நல்ல தண்ணீரிலும் மஞ்சள்தான். பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏழரையைத் தாண்டும்போதுதான் சிவக்கத் தொடங்கும். தாள் மாறாமல் இருந்தால் காரம் இல்லை என்று மட்டும் தெரியும்; அமிலமா நடுநிலையா என்று தெரியாது. அமிலம், காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் எல்லா நிறங்காட்டிக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. பொருள் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும்.

மஞ்சளை வைத்தே எலுமிச்சையைச் சோதிக்க வேண்டுமா? சோப்பில் சிவந்த தாளின் மேல் சாற்றை விடுங்கள், மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்திக்குக் கரைத்த மஞ்சள் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும், சட்டையில் சாம்பார் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும் இதேதான். சோப்பு போக அலசி வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து கறை வெளுக்கும்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குச் செம்பருத்தியா, சங்குப்பூவா?

பதில்: என் ஓட்டு நீலச் சங்குப்பூவுக்கு. (வெள்ளைச் சங்குப்பூ வேலைக்கு ஆகாது.) பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் தெளிவான நீலம் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும், சலவை சோடா போட்டால் பச்சையாகும். செம்பருத்தியும் அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை என்று மாறும். ஆனால் தொடக்க நிறமே மங்கல் என்பதால் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு எடுபடாது. எதுவானாலும் அன்று காலையே தயாரியுங்கள், சாறு சீக்கிரம் கெட்டுவிடும்.

கேள்வி: அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் தரம்பார்த்தலில், பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு வந்து சற்று நேரத்தில் மறைகிறது. முடிவுப்புள்ளி (நிறம் மாறியதும் நிறுத்தும் இடம்) தவறா?

பதில்: குடுவையைக் கலக்கிய பிறகும் நிறம் 30 நொடி நின்றால் போதும், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் மறைவதற்குக் காரணம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. அது கரைசலில் கரைந்து பிஎச்சை இறக்கிவிடும்; பினால்ப்தலீனோ ஏறத்தாழ 8.2-க்குக் கீழே நிறமற்றது. இளஞ்சிவப்பைத் திரும்ப வரவைக்க இன்னும் காரம் விட்டால்தான் கணக்கு கெடும். வன் அமிலமும் மென் காரமுமாக இருந்தால் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். அதன் எல்லை பிஎச் 3.1 முதல் 4.4 வரை.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் கரைசலில் லிட்மஸ் தாள் வெளுத்தே போய்விட்டது. இது அமிலமா, காரமா?

பதில்: காரம். சிவப்பு லிட்மஸை முதலில் நீலமாக்கும், பிறகு சாயத்தையே அழித்துவிடும். ஒரு எச்சரிக்கை: இதைக் கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்துச் சோதிக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: கிணற்று நீரில் லிட்மஸ் மாறவில்லை. குடிக்கலாமா?

பதில்: அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் பிஎச் 6.5 முதல் 8.5 வரை. லிட்மஸோ 4.5-க்கும் 8.3-க்கும் இடையில் மெதுவாக மாறுவது, அவ்வளவு நுணுக்கம் அதற்கு வராது. கிருமியும் ஃபுளோரைடும் இதில் தெரியவே தெரியாது. தமிழ்நாட்டில் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள்.