ரம்பொடை ஏற்றத்தில் திணறும் ஸ்போர்ட்ஸ் கார்: பணத்தை மீட்க முடியுமா?

கேள்வி: நுவரெலியாவில் தங்குவிடுதி நடத்துகிறேன். பத்து வாரங்களுக்கு முன் கொழும்பிலுள்ள ஒரு விற்பனை நிறுவனத்திடம் முழுப் பணமும் செலுத்தி, மூன்று வருட உத்தரவாதத்துடன் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது கியர்பெட்டி சூடேறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வாகனம் வேகமெடுக்க மறுக்கிறது. மூன்று தடவை திருத்தக் கொடுத்ததில் மொத்தம் 34 நாட்கள் அவர்களிடமே நின்றது. ஒவ்வொரு தடவையும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டதாகச் சொல்லித் தருகிறார்கள். கொழும்பில் நன்றாக ஓடும் கார் மலைக்கு வந்ததும் பழையபடியே. இப்போது, மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடந்த இடத்தில் என் கார் நிற்கும் முகநூல் படத்தைக் காட்டி, பந்தயத்தில் ஓட்டியதால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். நான் பார்வையாளனாகத்தான் போனேன். காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற வழியுண்டா?

பதில்: வழியுண்டு. ஆனால் அவற்றில் ஒன்று இன்னும் மூன்று வாரங்களில் அடைபட்டுவிடும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவர் மீது மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். விசாரணையின் பின், நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிட முடியும். அரிசி விலைக்கும் காலாவதியான பால்மாவுக்கும் மட்டுமே உரிய இடம் அது என்று வசதியுள்ளவர்கள் பலர் நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. அது தவறான எண்ணம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். 'அடுத்த முறை சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்பி நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த மூன்று மாதத்திலிருந்துதான் கழிகிறது.

உங்கள் கையிலுள்ள உத்தரவாதப் புத்தகம் பழுதான பாகத்தைத் திருத்தவோ மாற்றவோ மட்டுமே வாக்களிக்கும். பணத்தைத் திருப்பித் தரும் பேச்சை அதில் தேடுவது வீண். அந்த உரிமை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்து பிறக்கிறது. அதன் 15ஆம் பிரிவின்படி, வாங்குபவர் தமக்குப் பொருள் எதற்குத் தேவை என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையையும் தீர்மானத்தையும் நம்பி வாங்கும்போது, பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது, எழுதப்படாவிட்டாலும், விற்பனையின் நிபந்தனையாகிறது. விற்பனைக்குத் தகுந்த தரத்தில் பொருள் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ள இன்னொரு நிபந்தனை.

இங்கேதான் நீங்கள் அனுப்பிய கடதாசிக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் வருகிறது. முற்பணம் கட்டுவதற்கு முதல்நாள் இரவு, விற்பனைப் பிரதிநிதிக்கு வாட்ஸ்அப்பில், 'இது பெரும்பாலும் கண்டி–நுவரெலியா வீதியில்தான் ஓடும், ஏற்றத்தில் பிரச்சினை வராதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். 'இந்த எஞ்சினுக்கு அதெல்லாம் விளையாட்டு, சேர்' என்று பதில் வந்திருக்கிறது. அந்த இரண்டு வரிகளின் பெறுமதி உத்தரவாதப் புத்தகம் முழுவதையும் விட அதிகம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இத்தகைய செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். ஆகவே கைத்தொலைபேசியை மாற்றிவிடாதீர்கள்.

பெயர்பெற்ற வர்த்தக நாமத்தைச் சொல்லி வாங்கியவருக்குத் தேவைக்கேற்ற தன்மை பற்றிய நிபந்தனை பொருந்தாது என்ற விதிவிலக்கு பொருள் விற்பனைச் சட்டத்தின் அதே 15ஆம் பிரிவில் இருப்பதால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிச்சயம் அதைப் பிடித்துக்கொள்வார். அதற்கு மறுமொழி 1925ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. பால்ட்ரி எதிர் மார்ஷல் என்ற அந்த வழக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியதுதான்: நெடும் பயணங்களுக்கு வசதியான கார் வேண்டும் என்று கேட்டவருக்கு விற்பனையாளர்கள் புகாட்டி ஒன்றைப் பரிந்துரைத்தார்கள், அது அதற்கு உதவவில்லை. விற்பவரின் சொல்லை நம்பி வாங்கியவருக்கு வர்த்தக நாம விதிவிலக்கு தடையாகாது என்று நீதிமன்றம் தீர்த்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. நமது கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது என்பதால், இத்தகைய தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அங்கே மதிப்புடன் கேட்கப்படுகின்றன.

ஆனாலும் ஓர் இடறல் உண்டு, அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கையூட்ட விரும்பவில்லை. வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால், அல்லது குறித்த ஒரு பொருளின் உடைமை அவருக்குக் கைமாறிவிட்டால், நிபந்தனை மீறலுக்காகப் பொருளை நிராகரிக்கும் உரிமை பெரும்பாலும் போய், நட்டஈடு மட்டுமே எஞ்சும். கார் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதால் எதிர்த்தரப்பு இதையே முதலில் சொல்லும். திருத்தத்துக்குக் கொடுத்ததை வைத்து மட்டும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட முடியாது என்று நான் வாதிடுவேன். ஆனால் திருப்பி எடுத்தபோது நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பது முக்கியம். மூன்று ஜொப் கார்ட்களில், அதாவது திருத்த வேலைச் சீட்டுகளில், இரண்டின் அடியில் 'வேலை திருப்திகரமாக முடிந்தது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது, அதன் கீழே உங்கள் கையெழுத்து. மூன்றாவதில் கோளாறு என்ற இடத்தில் 'வாடிக்கையாளர் அதிர்வு என்கிறார்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சூடும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை, ரம்பொடையும் இல்லை. இனி அந்த அச்சிட்ட வரியை வெட்டிவிட்டு, கோளாறு எந்த வீதியில், எத்தனை கிலோமீற்றர் ஓடியபோது, எப்படித் தோன்றியது என்பதையும், உங்கள் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமலே வாகனத்தைப் பெறுகிறீர்கள் என்பதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும் கேளுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேளையில் அவை அழிக்கப்படுவது உண்டு.

இதற்கிடையில், காரை நிராகரிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லும் கோரிக்கைக் கடிதம் ஒன்றைச் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் அனுப்பி, அன்றிலிருந்து வாகனத்தை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். நிராகரித்த காரில் கண்டிக்குப் போய்வருவது நிராகரிப்பையே கேலியாக்கிவிடும். வரிகள் உட்பட நீங்கள் செலுத்திய முழு விலையையும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் பெறுமதிக் குறைவுக்கான நட்டஈட்டை மாற்று நிவாரணமாக அதே கடிதத்தில் சேர்க்கலாம். எழுத்துமூல ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு வருடங்கள் தருவதால் நீதிமன்றத்துக்கு அவசரமில்லை. ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தானதால் வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

பந்தயக் குற்றச்சாட்டு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விதிவிலக்கைக் காட்டித் தப்பப் பார்ப்பவரே அதை நிரூபிக்க வேண்டும்; நீதிமன்றம் அத்தகைய வாசகங்களை எழுதியவருக்கு எதிராகவே இறுக்கமாகப் பொருள்கொள்ளும். பொறுப்பை மட்டுப்படுத்தும் வாசகங்களின் நியாயத்தன்மையைக் கேள்விக்குட்படுத்த 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்துபோய் அந்த முகநூல் படத்தை அழித்துவிடாதீர்கள். கார் வேலிக்கு வெளியே, வான்களுக்கு நடுவே, போட்டி இலக்கம் எதுவும் ஒட்டப்படாமல் நிற்பது அதில் நன்றாகத் தெரிகிறது. அவர்கள் காட்டாவிட்டால் நாம்தான் அதை மன்றில் காட்ட வேண்டியிருக்கும்.