வேட்டைத் துப்பாக்கி, சைலன்சர், காது: கேட்டவற்றுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் செவித்திறன் பரிசோதிப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் மான் வேட்டைக்காரர்கள் நிறைய. குழல் முனையில் மாட்டும் சைலன்சர் மேலிருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமானதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

சைலன்சர் மாட்டினால் காதுக்கு வேறு எதுவும் வேண்டாம்தானே? (டெக்சாஸிலிருந்து ஒருவர்)

கட்டாயம் வேண்டும். மான் வேட்டை ரைஃபிள் வெடிக்கும்போது சுடுபவர் காதருகே 160 டெசிபலுக்கு மேல் போகும். திடீர் சத்தத்துக்குச் சொல்லப்படும் உச்ச வரம்பு 140. நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். குழலிலிருந்து சீறி வரும் சூடான வாயுவைத் தடுப்புத் தட்டுகளுக்குள் விரியவிட்டு ஆற்றுவதுதான் அதன் வேலை. ஆனால் தோட்டா வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியோ சுமார் 340. அந்த வேகத்தால் காற்றில் எழும் வெடிப்பைச் சைலன்சர் தொடவே முடியாது.

அதற்காகக் குறைவதை அற்பமாக நினைக்காதீர்கள். 30 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது.

இயர் பிளக் இருக்கும்போது சைலன்சர் எதற்கு?

பயிற்சிக் களத்தில் எல்லோரும் பிளக் வைக்கிறார்கள். காட்டில் வைப்பதில்லை. சருகு அசையும் சத்தம் கேட்க வேண்டுமே!

அறுபது வயதுக்காரர் ஒருவரின் செவித்திறன் வரைபடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது காதின் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. வலது கைக்காரர்களுக்கு இடது காதுதான் குழல் முனையைப் பார்த்து இருக்கும்; வலது காதைத் தலையே ஓரளவு மறைத்துவிடும். "பிளக் எப்போதும் சட்டைப் பையில்தான் இருந்தது" என்றார். பேத்தி பேசுவது கேட்கிறது, ஆனால் வார்த்தை பிரியவில்லையாம். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அதனால்தான் சத்தத்தைத் துப்பாக்கியிலேயே குறைப்பதை நான் ஆதரிக்கிறேன். மெல்லிய ஒலியைக் கேட்கவிட்டு, வெடியை அடக்கும் காதை முழுதாக மூடும் எலக்ட்ரானிக் இயர் மஃபும் நல்ல வழி.

ஒரு பழைய கதை. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமுக்குத் தன் துப்பாக்கிச் சத்தத்தாலேயே காது போனது. அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் 1909இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர்.

சைலன்சரை எதிர்ப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. 2019இல் வர்ஜீனியா பீச்சில் 12 பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் மாட்டியிருந்தான். சினிமாவில் வருவதுபோல 'புஸ்' என்று அடங்கிவிடாது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வெடி என்றோ, எங்கிருந்து வருகிறது என்றோ உடனே பிடிபடாமல் போகலாம். ஆகவே சைலன்சரை அரசிடம் பதிவு செய்யும் முறை நீடிக்க வேண்டும் என்பது என் கருத்து. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே துப்பாக்கிக்கே உரிமம் வாங்க வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வரி போய்விட்டது, நேரே கடைக்குப் போகலாமா?

முடியாது. 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் விண்ணப்பம், கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி உட்பட 8 மாநிலங்களில் தடை. நம்மவர்கள் கவனிக்க: ஹெச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தின் கணக்கில் சைலன்சரும் துப்பாக்கிதான். முதலில் வக்கீலைப் பாருங்கள்.

ஃபோம் பிளக் நழுவிக்கொண்டே இருக்கிறது.

பாதிதான் உள்ளே போயிருக்கும். விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்தபடி செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்துங்கள். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்டால் சரி.

சுட்டபின் காது 'ஙொய்' என்றது. மறுநாள் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அது அடிபட்டதன் அடையாளம். இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கேட்பது திடீரென மங்கியிருந்தால் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.