ஷீட் ஒட்டுவதற்கு முன்

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கிறேன். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கே நடுங்குகிறது. 60-ல் போனால் பின்சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். வண்டி முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள், ஒட்டலாமா? - ஒரு வாசகர், கோவை.

பதில்: இப்போது ஒட்டாதீர்கள். ஷீட் தகரத்தின் அதிர்வைத்தான் அடக்கும், இன்ஜின் நடுக்கத்தை அது ஒன்றும் செய்யாது.

நின்றிருக்கும்போதே நடுங்குவதால் முதலில் டியூனிங் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால் விநாடிக்கு 25 தடவை வெடிக்கும், அந்த வேகமான துடிப்பை இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் விநாடிக்கு ஆறு முறை ஒரு குலுக்கல் வரும், எவ்வளவு நல்ல ரப்பரும் அதைத் தாங்காது. அதனால் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் (இடைவெளி சுமார் 0.4 மி.மீ.), டைமிங், டாப்பெட், கார்புரேட்டர் எல்லாம் ஒழுங்கானபிறகுதான் மவுண்டிங்.

அந்த ரப்பர் 40 வருஷத்தில் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருக்கும். மாற்றும்போது மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லுங்கள்: போல்ட்டை முழுசாக இறுக்காமல் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்தபிறகு இறுக்க வேண்டும். முறுக்கிய நிலையில் இறுக்கினால் புது ரப்பரும் நடுக்கத்தை அப்படியே பாடிக்குக் கடத்தும். சைலன்சர் தொங்கும் ரப்பர்களுக்கும் இதே கதைதான், குழாய் எங்காவது பாடியில் இடித்தால் கேபின் முழுக்க உறுமும்.

சரி, 60-ல் வரும் சத்தம்? காலியான ரோட்டில் அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள் (இன்ஜினை அணைக்க வேண்டாம்). சத்தம் சட்டென்று அடங்கினால் அது இன்ஜின் பக்கம். அப்படியே தொடர்ந்தால் பிராப்பலர் ஷாஃப்ட் கிராஸ் (பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பு), வீல் பேலன்சிங், பின் ஆக்ஸில் என்று தேடுங்கள்.

அப்புறம் ஓட்டைகள். கிளட்ச், ஆக்ஸிலேட்டர், வயரிங் எல்லாம் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் இடங்களில் கிராமெட் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து உதிர்ந்திருக்கும், விரல் அளவு சந்து போதும், அத்தனை இரைச்சலும் உள்ளே வந்துவிடும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கையும் மாற்றுங்கள்.

இதெல்லாம் முடித்தபிறகு ஷீட் ஒட்டலாம், அதுவும் வண்டி முழுக்க வேண்டியதில்லை. தகரத்தைத் தட்டிப் பாருங்கள், "டங்" என்று ஒலிக்கும் பெரிய தட்டையான இடங்களின் நடுவில் கால் பாகம் மூடினாலே "டொக்" என்று அடங்கிவிடும். தரையில் பழைய ஃபெல்ட் இருந்தால் தூக்கிப்போடுங்கள், அது தண்ணீரைப் பிடித்துவைத்துத் தகரத்தைத் துருவாக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.