நடுக் காம்பராவைப் பெரிசாக்க ஏலாது: கொம்பைல் ஆன கோப்புகள் பற்றிக் கேள்வி பதில்

மனிதர் எழுதிய மூல நிரல் கையில் இல்லாத, கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய (அதாவது கொம்பைல் ஆன) மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பதும் திருத்துவதும்தான் பத்து வருடமாக என் வேலை. பகலில் சம்பளத்துக்கு. இரவில் தலவாக்கலை வீட்டில் இருந்துகொண்டு, இதே வேலைக்குச் சின்னதாக ஒரு திறந்த மூலக் கருவி எழுதுகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நினைத்ததைவிட அதிகம் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவர்: அண்ணா, புரோகிராமை மாற்ற வேண்டும் என்றால் மூல நிரலைத் திருத்தித் திரும்ப கொம்பைல் பண்ணலாமே? எதற்கு வெந்த சோற்றில் கை வைக்கிறீங்க?

நியாயமான கேள்வி, தம்பி. மூல நிரல் இருந்தால் அதைத்தான் திருத்த வேண்டும். ஆனால் எழுதியவர் போய்ச் சேர்ந்திருப்பார், அல்லது பதினைந்து வருடத்துக்கு முந்திய கொம்பைலர் இன்று கிடைக்காது. சில நேரம் நிரலில் பிழையே இருக்காது, முகவரிதான் மாறியிருக்கும். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் நூலகங்கள் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகள்) வழக்கமான இடத்தில் இருப்பதில்லை. வெளியில் கட்டிய புரோகிராம் அங்கே வந்து பழைய இடத்தில் தேடிவிட்டு விழுந்துவிடும். அதற்காக அந்தத் திட்டத்தில் இருந்தே வந்த கருவிதான் பாட்ச்எல்ஃப். 'உன் நூலகங்களை இந்த இடத்தில் தேடு' என்று கோப்புக்குள் இருக்கும் ஒரு வரியை மட்டும் அது மாற்றும். நிரலைத் தொடாது.

பண்டாரவளை, தகவல் தொழில்நுட்ப ஆசிரியை: பிள்ளைகள் ஒரு பழைய விண்டோஸ் புரோகிராமை, கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, 'சேவ்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் தமிழில் 'சேமி' என்று போட்டார்கள். அதற்குப் பிறகு புரோகிராம் திறக்கவே இல்லை. ஏன்?

டீச்சர், இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவையும் எழுதலாம்.

நம் தோட்டத்து லயத்தை, அந்த ஒட்டு வீட்டு வரிசையை, நினைத்துப் பாருங்கள். பத்துக் காம்பரா (வீட்டுக்கு ஓர் அறை) வரிசையாக, நடுவில் ஒவ்வொரு சுவர், அது இரண்டு வீட்டுக்கும் பொது. ஐந்தாம் காம்பராக்காரர் வீட்டைப் பெரிசாக்க நினைத்தால் ஆறாம் காம்பராவுக்குள்தான் போக வேண்டும். கொம்பைல் ஆன கோப்பும் அப்படியே. ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணுக்கும் இத்தனையாவது பைட்டில் இருந்து இத்தனை பைட் என்று அளந்து கொடுத்தாயிற்று. 'ஆறாம் காம்பரா இந்த இடத்தில்' என்று நிரலின் வேறு நூறு இடங்களில் எழுதியும் வைத்தாயிற்று.

இப்போது கணக்கு. ஆங்கில 'சேவ்' நான்கு எழுத்து, எழுத்துகளைப் பைட்டாக்கும் யு.டி.எஃப்-8 முறையில் நான்கு பைட். 'சேமி' என்பது நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. கணினிக்கு அது ச, ஏகாரக் குறி, ம, இகரக் குறி என்று நான்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8இல் மூன்று பைட் பிடிக்கும். ஆக 12 பைட். பிள்ளைகளின் எடிட்டர் செருகும் நிலையில் இருந்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே எட்டு பைட் தள்ளிப் போயிருக்கும், எந்த முகவரியும் சரியாக இருக்காது. மேலெழுதும் நிலையில் இருந்திருந்தால் அடுத்த எட்டு பைட்டில் இருந்தது அழிந்திருக்கும். உங்களுக்கு நடந்தது முதலாவதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திறக்கவே இல்லை என்கிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. விண்டோஸ் புரோகிராம்களின் மெனுச் சொற்கள் பெரும்பாலும் ரிசோர்ஸ் என்ற தனிப் பகுதியில் யு.டி.எஃப்-16 என்ற இன்னொரு முறையில் கிடக்கும். அங்கே ஆங்கில எழுத்துக்கும் இரண்டு பைட், தமிழ்க் குறிக்கும் இரண்டு பைட். 'சேவ்' எட்டு பைட், 'சேமி'யும் எட்டு பைட். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தும்! ஆங்கிலத்தில் 'கேன்சல்' ஆறெழுத்து, 'இரத்து' என்பதைப் பிரித்தால் அதுவும் ஆறு. 'பிரின்ட்' ஐந்து, 'அச்சிடு' ஏழு. அது பொருந்தாது. பிள்ளைகளுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுங்கள், யுனிகோடும் படித்த மாதிரி ஆகும்.

பொருந்தாத சொல்லுக்கு என்ன செய்வது? ஹெக்ஸ் எடிட்டரை மூடிவிட்டு, ரிசோர்ஸ் பகுதி முழுவதையும் பிரித்து, புதிய அளவோடு திரும்பக் கட்டி, அளவுப் பட்டியல்களையும் திருத்தும் கருவியைப் பிடிக்க வேண்டும். ஐந்தாம் காம்பராவில் இடம் போதாவிட்டால் சுவரை இடிக்கக் கூடாது. லயத்துக் கடைசியில் புதிதாக ஒரு காம்பரா கட்டி, 'இவர் இப்போது அங்கே இருக்கிறார்' என்று எல்லாப் பதிவிலும் மாற்ற வேண்டும். நாங்கள் எழுதும் கருவிகள் செய்வது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

தலவாக்கலையில் பிறந்து கொழும்பில் வேலை: எனக்கும் இப்படி ஒரு கருவி எழுத ஆசை. சி-யா, ரஸ்டா, பைதனா? எங்கே தொடங்க?

மொழியைப் பிறகு பார்ப்போம், முதலில் வாசிக்கப் பழகுங்கள். லினக்ஸ் புரோகிராம்களின் கோப்பு வடிவம் எல்ஃப். அந்தக் கோப்பு 127, 69, 76, 70 என்ற நான்கு பைட்டோடு தொடங்கும். கடைசி மூன்றும் ஈ, எல், எஃப் என்ற ஆங்கில எழுத்துகள். 64 பிட் கோப்பில் தலைப்பு, அதாவது கோப்பைப் பற்றிச் சொல்லும் தொடக்கப் பகுதி, 64 பைட், 32 பிட்டில் 52. பூச்சியத்தில் இருந்து எண்ணினால் 18ஆவது இடத்தில் உள்ள எண் எந்தச் சில்லுக்கான நிரல் என்று சொல்லும்: 62 என்றால் வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி. 183 என்றால் போனில் இருக்கும் 64 பிட் ஆர்ம். பைதனில் ஸ்ட்ரக்ட் என்ற தொகுதியை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை வாசித்துவிடலாம். விண்டோஸ் கோப்பு எம், இஸட் என்று தொடங்கும். மைக்ரோசொஃப்ட்டில் இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. உலகத்தில் எத்தனை கோப்பில் அந்த மனிதர் கையெழுத்து இருக்கிறது பாருங்கள்.

வாசித்தாயிற்றா? அடுத்தது திருத்துவது இல்லை. ஒன்றையும் மாற்றாமல் அப்படியே திரும்ப எழுதுங்கள். பழையதும் புதியதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன விடயம் என்று நினைப்பீர்கள், நான் இதில் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு இருந்தேன். பகுதிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், அதில் யாரோ எதையோ ஒளித்து வைத்திருப்பார்கள். நிறுவும் கோப்புகளில் கடைசிப் பகுதிக்கும் பின்னால் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் பொதி தொங்கும். ஒரு லினக்ஸ் புரோகிராம் முழுவதும் ஒரே கோப்பாக வரும் ஆப்இமேஜும் அப்படியே: முன்னால் எல்ஃப், பின்னால் ஒரு முழுக் கோப்புத் தொகுதி. பட்டியலில் உள்ளதை மட்டும் வாசித்து எழுதும் கருவி அந்த வாலை வெட்டி எறிந்துவிடும், 'வெற்றி' என்றும் சொல்லும். என்னைக் கேட்டால், இந்தச் சோதனையில் தேறாத கருவிக்கு 'திருத்து' என்ற கட்டளையே இருக்கக் கூடாது.

மூன்றாவது, தேவையில்லாமல் புதிய வாசிப்பான் எழுதாதீர்கள். 2017இல் குவார்க்ஸ்லாப் வெளியிட்ட லீஃப் நூலகம் எல்ஃப், விண்டோஸின் பீ.ஈ., ஆப்பிளின் மாக்-ஓ மூன்றையும் வாசிக்கும், எழுதும், பைதனில் இருந்து கூப்பிடலாம். இயந்திர மொழியைப் பிரிக்க காப்ஸ்டோன் இருக்கிறது. இவற்றின் மேல் நின்று, இதுவரை ஒருவரும் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள். பழகுவதற்கு வாசிப்பான் எழுதுவது வேறு கதை, அதை எல்லாரும் ஒரு தடவை செய்யத்தான் வேண்டும்.

கடைசியில் மொழி. வேண்டுமென்றே கெடுத்த கோப்பும் உங்கள் கருவிக்கு வரும். 'பகுதிகள் 60,000' என்று சொல்லிவிட்டு உள்ளே இரண்டுதான் இருக்கும். சி-யில் எழுதினால் ஒவ்வொரு எண்ணையும் கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். ரஸ்ட் அந்தப் பயத்தில் பாதியைக் குறைக்கும். எதில் எழுதினாலும் ஏஎஃப்எல் மாதிரி, கெடுத்த கோப்புகளைத் தானாகக் கொடுத்துச் சோதிக்கும் ஒரு ஃபஸரை ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் எழும்பிப் பார்த்தால் தன்னம்பிக்கை சரியான அளவுக்கு வந்திருக்கும்.

பதுளை, பல்கலைக்கழக மாணவி: ஒரு கோப்பில் பகுதிகளின் பட்டியலே இல்லை, ஆனால் ஓடுகிறது. அது எப்படி?

தங்கச்சி, எல்ஃபில் இரண்டு பட்டியல் உண்டு. பகுதிப் பட்டியல், நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும். ஏற்றும் பட்டியல் இயங்குதளத்துக்கு. புரோகிராமை ஓட விடும்போது இயங்குதளத்தின் மையமான கேர்னல் பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். அதனால் முதல் பட்டியலை அழித்துவிட்டாலும் புரோகிராம் கவலைப்படாது. பகுதிப் பெயர்களை நம்பி எழுதிய கருவிதான் முழிக்கும். கருவி எழுதுகிறவர் ஏற்றும் பட்டியலை உண்மை என்று எடுத்துக்கொண்டு, மற்றதை வதந்தி மாதிரி நடத்த வேண்டும்.

இன்னொன்று. கோப்புக்குள் இருப்பதைக் காட்டும் ரீட்எல்ஃப், ஒப்ஜ்டம்ப் இரண்டும் ஒரே குனூ பின்யுட்டில்ஸ் பொதியில் வந்தாலும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஒப்ஜ்டம்ப் பி.எஃப்.டி. என்ற நூலகம் வழியாகப் பார்க்கும், ரீட்எல்ஃப் நேரடியாக. இரண்டும் வேறு வேறு சொன்னால் பயப்படாதீர்கள், அங்கேதான் சுவாரசியமே தொடங்குகிறது.

கொட்டகலை: ஸ்ட்ரிப் கட்டளை கோப்பைச் சிறிதாக்குகிறது. எல்லாவற்றுக்கும் போடலாமா?

அது தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி, ஒரு வித்தியாசம்: இது திரும்பத் துளிர்க்காது. குறியீட்டுப் பெயர்களும் பிழைதேடும் தகவலும் போய்விடும். ஓடும்போது நூலகங்களோடு பேசத் தேவையான பெயர்கள் மட்டும் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் ஒப்ஜ்கொப்பி என்ற கருவியால் பிழைதேடும் தகவலைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்இமேஜுக்குப் போட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன வால் கதைதான்.

நுவரெலியா, ஒரு தகப்பன்: மகன் இரவெல்லாம் இதைத்தான் நோண்டுகிறான். இது ஹேக்கிங் இல்லையா? பொலிஸ் பிரச்சினை வருமா?

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. கத்தி மரக்கறி வெட்டவும் பயன்படும். மகன் தான் எழுதியதையோ திறந்த மூல மென்பொருளையோ பிரித்துப் பார்க்கிறார் என்றால் அது படிப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து நண்பர்களுக்குக் கொடுத்தாலோ, அடுத்தவர் கணினியில் அனுமதி இல்லாமல் நுழைந்தாலோ கதை வேறு. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கின்றன. ஐரோப்பாவில் இரண்டு மென்பொருள் ஒன்றோடொன்று பேசுவதற்காகப் பிரித்துப் பார்க்க, நிபந்தனையோடு, சட்டமே இடம் கொடுக்கிறது. அதை இணையத்தில் வாசித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று மகன் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரவில் எத்தனை மணிக்குப் படுப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஹப்புத்தளை: திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்குச் சோதனைக் கோப்புகள் சேர்க்க ஆசை. என்னிடம் உள்ள கொம்பைல் ஆன கோப்புகளை அப்படியே அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் விடயத்தில் நடந்தது இதுதான். சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது. அது நிரலில் வெளிப்படையாக இல்லை, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் வந்த பைனரிக்குள் (கண்ணால் வாசிக்க முடியாத கோப்புக்குள்) மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர், தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டப் போய்த்தான் அது வெளியே வந்தது. நம் வகைக் கருவிகளில் சோதனைக் கோப்பு எல்லாமே பைனரி, ஆகவே ஆபத்து இரட்டிப்பு. மூல நிரலையும், அதில் இருந்து கோப்பைக் கட்டும் கட்டளையையும் அனுப்புங்கள். எல்எல்விஎம் திட்டத்தில் யாம்ல்2ஒப்ஜ் என்று ஒரு கருவி இதற்கென்றே இருக்கிறது: கண்ணால் வாசிக்கக்கூடிய உரையை எழுதிக் கொடுத்தால் அது கோப்பைக் கட்டித் தரும். கெட்டுப்போன கோப்பு வேண்டும் என்றாலும் எங்கே கெடுத்தோம் என்று உரையில் தெரியும்.

மஸ்கெலியா: என் லெப்டொப் 4 ஜி.பி.தான், மழை தொடங்கினால் கரண்டும் போய்விடும். கிட்ரா ஓடுமா?

கோப்பைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பெரிய கருவி ஓடும், நீங்கள் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். பின்யுட்டில்ஸும், அதே வேலைக்கான ரடாரே2வும் போதும், டேட்டாவும் மிச்சம்.

கரண்ட் பற்றிச் சொன்னது நல்லது, ஏனென்றால் அது கருவி எழுதுகிறவருக்கும் பாடம். திருத்தும்போது அதே கோப்பின் மேலேயே எழுதக் கூடாது. பக்கத்திலேயே தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் ஒன்றில் பழையது முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் புதியது முழுசாக இருக்கும். என் கருவியில் இது வந்தது ஒரு ஜூன் மாத இரவுக்குப் பிறகு. விவரம் வேண்டாம்.

பொகவந்தலாவை: கொழுந்து நிறுவைக் கணக்குப் போடும் பழைய விண்டோஸ் புரோகிராம் எங்களிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஆளே இல்லை. அறிக்கையின் மேலே பழைய பெயர் வருகிறது. ஒரு நாளுக்கான கிலோ அளவும் உள்ளேயே எழுதியிருக்கிறது. இரண்டையும் மாற்றித் தர முடியுமா?

பெயரை மாற்றலாம். புதிய பெயர் நீளமாக இருந்தால் மேலே டீச்சருக்குச் சொன்ன வழி. சின்னதாக இருந்தால் மிச்ச இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பினால் பெரும்பாலும் போதும்.

கிலோ அளவை நான் தொட மாட்டேன். தேடிப் பிடிப்பது கஷ்டம் இல்லை, நிரலில் அது ஓர் எண்தான். ஆனால் அதே எண் வேறு எந்தக் கணக்கில் வருகிறது என்று மூல நிரல் இல்லாமல் உறுதியாகச் சொல்ல ஏலாது. ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் விட்டுவிட்டால், முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) விழ வேண்டிய ஓர் அக்காவுக்கு அரைப் பேர் விழும், ஏன் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்தக் கணக்கை மட்டும் ஒரு விரிதாளில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் சூத்திரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பெயர் மாற்ற, அசல் கோப்பின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் அனுப்புங்கள். அசலை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.