வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேஸ்பால் டீம்ல ட்ரேடு மதிப்புக்கு (ஒரு ஆட்டக்காரரை வேற டீமுக்கு மாத்திவிட்டா பதிலுக்கு என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு) வரிசை போட்டா பெரிய ஸ்டார்தானே முதல்ல வரணும்? (மதுரை வாசகர்)

பதில்: அப்படி இல்லீங்க. ஆட்டத்தோட இன்னும் எத்தனை வருஷம் அவர் டீம் கையில இருப்பாருன்னும் பாக்கணும், அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல 6 வருஷ சர்வீஸ் முடிஞ்சா, நீண்ட ஒப்பந்தம் இல்லாதவர் ஃப்ரீ ஏஜெண்ட்தான், அதாவது எந்த டீமுக்கு வேணா போகலாம். ஸ்டார் பேட்டர் ஹுவான் சோட்டோவையே பாருங்க, 2022 ஆகஸ்ட்ல வயசு 23, ஃப்ரீ ஏஜெண்ட் ஆக இன்னும் ரெண்டரை சீசன் பாக்கி, வாஷிங்டன் அவரை சான் டியாகோவுக்கு அனுப்பி ஆப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட்னு இளசுகளா அள்ளிச்சு, இந்த மூணு பேருமே பின்னாடி ஆல்-ஸ்டார் (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடுற ஆட்டத்துக்குத் தேர்வானவங்க)! 2023 டிசம்பர்ல சோட்டோ நியூயார்க் யாங்கீஸ் டீமுக்கு போறப்போ பாக்கி ஒரே சீசன், அதனால வந்த சரக்கும் அந்தளவுக்கு இல்ல. நான் வரிசை போட்டா, ஒப்பந்தம் முடியப்போற ஸ்டாருக்கு மேல, நல்லா ஆடுற ரெண்டாம் வருஷப் பையனத்தான் வைப்பேன்.